மீசைக்கு ஒரு கொடுவா

தலையில என்ன வேணா பண்ணிக்கங்க தம்பி. மீசையில மட்டும் கத்தரி படக்கூடாது. ஓரத்துல ரெண்டு நரை நீட்டிக்கிட்டு நிக்கும், அதை ஒதுக்கிவிட்டு மை போட்டாப் போதும். இது லேசுப்பட்ட மீசை இல்ல. தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலமே போயிருக்க வேண்டியது. தப்பிச்சு வந்து உங்க முன்னாடி உக்காந்திருக்கு.

நாளைக்கு எனக்கு ஒரு கூட்டம். ஆத்தூர்ல, பாலத்துக்குப் பக்கத்து மண்டபத்துல. தூண்டில் போடுறவங்க எல்லாம் சேந்து சங்கம் மாதிரி ஒண்ணு வச்சிருக்காங்க, நாப்பது அம்பது பேர் இருப்பாங்க. புதுசா வர்றவங்களுக்கு நாலு விஷயம் சொல்லணும்னு என்னையக் கூப்பிட்டிருக்காங்க. தலைப்பு என்ன தெரியுமா? 'முள்ளில் மாட்டிய மீனை விடாமல் கரை சேர்ப்பது எப்படி.' நோட்டீஸே அடிச்சுட்டாங்க, என் போட்டோவோட. கையில மீன், மூஞ்சியில மீசை.

நீங்க தூண்டில் போடுவீங்களா? இல்லையா? அப்ப நல்லதாப் போச்சு. போடுற ஆளுன்னா பாதியிலேயே எனக்கு யோசனை சொல்ல ஆரம்பிச்சிருப்பீங்க. இந்த ஊர்ல யோசனை சொல்லாத ஆளே இல்ல.

நான் மின்வாரியத்துல லைன் போர்மேன். பேரு வைரவன். சொந்த ஊரு சிங்கம்புணரிப் பக்கம். இங்க மாத்தலாகி வந்து ஒண்ணரை வருஷம் ஆச்சு. எங்க ஊர்ல கடல் ஏது, ஆறு ஏது? கண்மாய்தான். கண்மாயில விரால். விரால் பிடிக்கிறதுல வைரவனை மிஞ்ச ஆள் கிடையாதுங்க, நானே சொல்லிக்கக் கூடாது, இங்க சொல்றதுக்கு வேற யாரும் இல்லாததால சொல்றேன். விரால் தாமரை இலைக்குள்ள பதுங்கிக் கெடக்கும். ரப்பர்ல தவளை மாதிரி பண்ணி, முதுகுல ரெண்டு முள்ளு வச்சு விக்கிறாங்க. அதை இலை மேல தத்தித் தத்தி இழுத்தா டபார்னு வந்து கவ்வும். கவ்வினதும் தூண்டில் கம்பை ஓங்கி வெடுக்குன்னு ஒரே வெட்டு, முள்ளு தைக்கணும்ல. அந்தக் கம்பு, ராடும்பாங்க, முரடா இருக்கணும். நூலு சுத்துற ரீல்ல ஒரு திருகு இருக்கு, டிராக்குன்னு பேரு. அதைத் தளத்தினா மீன் இழுக்கும்போது நூலு வெளிய போகும், இறுக்கினா போகாது. விராலுக்கு அதை மொத்தமா இறுக்கிரணும். ஒரு சாண் விட்டாலும் பாசிக்குள்ள போயி முடிச்சுப் போட்டுக்கும். இலை, தண்டு, பாசி எல்லாத்தோடயும் தரதரன்னு இழுத்துக் கரையில போடணும். நான் குறடு வச்சு இறுக்குற ஆளு.

அது என் கையோட குணம். முப்பது வருஷமாக் கம்பி இழுத்துக் கட்டுறவன். தெருவுல போகும்போது ஒரு லைன் தொய்ஞ்சு தொங்கினா எனக்குச் சோறு இறங்காது. அதுக்காக விறைப்பா இழுத்துக் கட்டிறவும் கூடாது, குளிர் காலத்துல கம்பி சுருங்கி அறுந்துரும், கொஞ்சம் தொங்கல் விட்டுத்தான் கட்டணும். பயிற்சிக்கு வர்றவங்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்கிறதே நான்தான். அதை விடுங்க, நான் மீனுக்கு வர்றேன்.

இங்க வந்தா எல்லாம் கொடுவாங்கிறாங்க. ஆறு கடல்ல சேர்ற இடத்துல, பாலத்துத் தூணைச் சுத்தி நிக்கும். அதுக்குத் தவளை ஆகாது, குச்சி மாதிரி ஒரு பொய் மீன், அடியில மூணுமுள்ளு ரெண்டு தொங்கும். சரி, மீன்னா மீன்தானேன்னு என் முரட்டு ராடைத் தூக்கிக்கிட்டுப் போனேன். ரெண்டாவது நாளே மாட்டுச்சு. ஓங்கி வெட்டினேன். தம்பி, இந்தக் கொடுவா இருக்கே, அது ஓடாது, எகிறும். முழு உடம்பும் தண்ணிக்கு மேல வந்துரும். வாயைத் திறந்துக்கிட்டுத் தலையை ரெண்டு உலுக்கு உலுக்கும். அவ்வளவுதான், பொய் மீனு பறந்து வந்து என் சட்டையில மாட்டிக்கிச்சு. கொடுவா போயிருச்சு.

அங்க லிகோரின்னு ஒரு ஆளு. உப்பளத்துக்கு லோடு வண்டி ஓட்டுறாரு. பாலத்துல அவர்தான் பெரிய கை. சட்டையில இருந்து முள்ளை எடுத்துவிட்டுக்கிட்டே சொல்றாரு, "அண்ணாச்சி, அது வாயோரம் வெத்தல கணக்கா மெலிசு. வெட்டி இழுத்தீங்கன்னா கிழிஞ்சிரும். வளையிற ராடா ஒண்ணு வாங்குங்க. திருகைத் தளத்தி வையிங்க. அது போற மட்டும் போகட்டும், நூலு தொய்யாமப் பாத்துக்கிட்டாப் போதும். எகிறும்போது ராடைத் தண்ணிப் பக்கம் தணிச்சிருங்க." நான் வந்து ரெண்டு நாள் ஆகுது, எனக்குப் பாடம். எரிச்சல் வருமா வராதா?

எனக்குத் தெரிஞ்சது முள்ளு சரியில்லைங்கிறது. கடைக்குப் போயி நல்ல தடிமனான முள்ளா வாங்கி மாத்தினேன். மாத்தினதுல அந்தப் பொய் மீனு நீந்துறதை விட்டுட்டுச் செருப்பு மிதந்து வர்ற மாதிரி வந்துச்சு. அதையும் ஒரு கிறுக்குக் கொடுவா வந்து கவ்வுச்சு. தூணைச் சுத்திருச்சு. நூலு கட். நூலு சரியில்ல. இன்னும் தடியா நூலு. அடுத்தது செவுளால வெட்டிட்டுப் போச்சு, அதுக்குச் செவுள்ல பிளேடு மாதிரி இருக்குமாம், முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கணும். சொன்னாங்களாம், நான் காதுல வாங்கலையாம். முன்னாடி அரை ஆளு நீளத்துக்குக் கனமான நரம்பு போட்டுக் கட்டினேன். அதுக்கப்புறம் மாட்டினது கரைக்கே வந்துருச்சு. என் காலுக்குப் பக்கத்துல. லிகோரி வலையோட குனியிறாரு, நான் ஏத்திரணும்னு ஒரு தூக்குத் தூக்குறேன், கிழிச்சுக்கிட்டுப் போயிருச்சு. எனக்கு வந்துச்சே கோவம்! "வலையை வாலுப் பக்கம் நீட்டுறவன் எல்லாம் எனக்கு யோசனை சொல்ல வந்துட்டான்"னு கத்திட்டேன். அவரு வலையை மடிச்சு வச்சுட்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாரு.

மத்தவங்க சிரிச்சாங்க. ஒருத்தன் சொல்றான், "போர்மேன் அண்ணாச்சி தூண்டில்ல மாட்டின மீனுக்கு ஆயுசு கெட்டி." அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாங்க. அப்ப விட்டேன் வார்த்தையை. தீபாவளிக்குள்ள அஞ்சு கிலோவுக்குக் குறையாம ஒரு கொடுவா ஏத்திக் காட்டுறேன், இல்லைன்னா மீசையை எடுத்துட்டு இதே பாலத்துல வந்து நிக்கிறேன். மீசையைத் தடவிச் சொன்னேன். சொல்லிட்டு வண்டியில வீட்டுக்கு வரும்போதுதான் நாளை எண்ணிப் பாத்தேன். ஐப்பசி மழை இறங்கிட்டா ஆத்துல செந்தண்ணி வந்துரும், கொடுவா கடலுக்குப் போயிரும். ஒரு மாசம்தான் இருந்துச்சு.

காதோரம் அவ்வளவு ஏத்தாதீங்க. ம், அது போதும்.

இப்ப என் வீட்டுக்காரி வர்றா கதைக்குள்ள. இந்திராணி. அவளுக்குச் சர்க்கரை. டாக்டரு நடக்கச் சொன்னாரு. புது ஊரு, பேசுறதுக்கு ஆள் கிடையாது, தனியா எங்க நடப்பா? சாயங்காலம் என்கூட வண்டியில வந்து, பாலத்துல இருந்து படித்துறை வரைக்கும் ரெண்டு நடை நடந்துட்டு, கல்லுல உக்காந்திருப்பா. நான் போறாத காலத்துக்கு ஒரு வளையிற ராடும் வாங்கியிருந்தேன், லிகோரி சொன்னாருன்னு இல்ல, கடைக்காரன் சொன்னான். ஒரு நாள் பிடிச்சுப் பாத்தேன். குனிஞ்சு குனிஞ்சு கும்பிடு போடுது. மனுசன் பிடிப்பானா அதை? இந்தா, பொழுது போகட்டும்னு அவகிட்டக் குடுத்துட்டேன்.

லிகோரி அவளுக்குச் சொல்லிக் குடுத்தாரு. "மைனி, இப்பிடி வீசுங்க, மைனி, இப்பிடிச் சுத்துங்க." என்கிட்டப் பேசுறதை விட்டுட்டாரு, அவகிட்ட மட்டும் பேசுவாரு. அவளும் ஒண்ணொண்ணாக் கேப்பா. ஏன் தளத்துறீங்க, எவ்வளவு தளத்தணும், எதுக்கு இந்தப் பக்கம் சாய்க்கணும்? சின்னப் பாறைமீன் குஞ்சு ரெண்டு பிடிச்சா. கைதட்டிச் சிரிச்சா தம்பி, சின்னப் புள்ள மாதிரி. நான் அந்த நேரம் என் மீசைக் கவலையில இருந்தேன். "சத்தம் போடாத, மீன் ஓடிரும்"னு சொன்னேன்.

அந்த ஒரு மாசத்துல எனக்கு மூணு மாட்டி மூணும் போச்சு. ஏன் போச்சுன்னு கேக்காதீங்க. ஒண்ணு காத்து. ஒண்ணு முடிச்சு. இன்னொண்ணு என் செருப்பு வழுக்கிருச்சு.

தீபாவளிக்கு முந்தின நாள். ஊரே பலகாரம் சுடுது, நான் நாலு மணிக்கே போயி நிக்கிறேன். இவளும் அடுப்பை அணைச்சுட்டு வந்தா. வரவேண்டாம்னுதான் சொன்னேன், "உங்க மீசை போறதை நான் பாக்க வேண்டாமா"ன்னு சிரிச்சுக்கிட்டே ஏறி உக்காந்துட்டா. கடல் தண்ணி உள்ள ஏறுது. லிகோரி ஆளுங்க பாலத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நாங்க ரெண்டு பேருதான். நான் வீசுறேன், வீசுறேன், ஒண்ணும் இல்ல. பக்கத்துல 'கிர்ர்ர்'னு ஒரு சத்தம். அவ ரீலு. நூலு அது பாட்டுக்கு ஓடுது.

என் ராடைத் தூக்கிப் போட்டுட்டு ஓடினேன். "குடு இங்க"ன்னு கையை நீட்டுறேன், அவ தோளைத் திருப்பிக்கிட்டா. நூலு போயிக்கிட்டே இருக்கு தம்பி, எனக்கு உசுரு போகுது. எட்டித் திருகை ரெண்டு சுத்து இறுக்கிட்டேன். ராடு நடுங்குது. அவ ஒரு கையால அதை மறுபடி தளத்திவிட்டா. "இழு! இழுடி!"ன்னு கத்துறேன். திரும்பிப் பாக்கல. "கொஞ்சம் வாயை மூடுங்க"ன்னா.

இருபத்தியாறு வருஷத்துல அவ என்னைய அப்பிடிச் சொன்னதில்லைங்க. நான் வாயை மூடிட்டேன்.

அது மூணு தடவை எகிறுச்சு. எகிறுறப்ப எல்லாம் அவ ராடைத் தண்ணிப் பக்கம் சாய்ச்சுக்கிட்டா. அது தூணுக்குப் போகப் பாத்துச்சு, இவ கரையோரமாவே கூட நடந்தா, சேலையைச் செருகிக்கிட்டு, முட்டளவு தண்ணியில. அது இழுத்தா விடுறா, நின்னா சுத்துறா. எவ்வளவு நேரம்னு தெரியல. கடைசியில அது ஒருச்சாய்ஞ்சு படுத்துருச்சு. அப்பத்தான் சத்தம் கேட்டு லிகோரி வலையோட ஓடி வந்தாரு. தலைப் பக்கமா வலையை வச்சாரு, அது தானா உள்ள போச்சு. ஆறேகால் கிலோ.

எல்லாரும் வந்துட்டாங்க. மீனைப் பாக்கிறாங்க, என் மீசையைப் பாக்கிறாங்க. ஒருத்தன் கேட்டே கேட்டுட்டான், "இது யாரு மீனு?"

இந்திராணி முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னா, "அவங்கதான் பிடிச்சாங்க. கரைக்குக் கொண்டுவந்தப்புறம் கை வலிக்குதுன்னு எங்கிட்டக் குடுத்தாங்க. நான் சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

லிகோரி என்னையப் பாத்தாரு. அந்த ஆளு மூஞ்சியை நினைச்சா இப்பவும் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. "அப்பிடியா அண்ணாச்சி?"

நான் என்ன சொல்லியிருக்கணும்? நீங்களே சொல்லுங்க. அவ்வளவு பேரு நிக்கிறாங்க, மறுநாள் தீபாவளி, பொண்டாட்டி முன்வந்து சொல்றா. "ஆமா"ன்னுட்டேன்.

கைதட்டினாங்க. மீனைக் கையில குடுத்துப் போட்டோ எடுத்தாங்க. இந்திராணியையும் கூப்பிட்டாங்க. அவ வரல, போட்டோவுக்கு வெளிய நின்னு என் செருப்பைக் கையில வச்சிருந்தா. நான் தண்ணியில விட்டுட்டு ஓடியிருக்கேன், அவதான் எடுத்து வச்சிருக்கா.

என்ன, கத்தரி நின்னுருச்சு? வெட்டுங்க, வெட்டுங்க.

மறுநாள் குழம்பு வச்சா, வறுத்தா, பாலத்து ஆளுங்களுக்கும் குடுத்து அனுப்பினா. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஆத்துப் பக்கம் வர்றதில்ல. கேட்டா முட்டி வலியாம். சந்தைக்கு நடந்து போயி ரெண்டு பை தூக்கிக்கிட்டு வர்றப்ப முட்டி வலிக்கல. அந்த ராடைத் துடைச்சு, உறையில போட்டு, என் அலமாரியில கொண்டுவந்து வச்சுட்டா. நான் கேக்கவே இல்ல. சரின்னு அதை எடுத்துக்கிட்டுப் போயி நானே வீசினேன். ரெண்டு மாட்டுச்சு, ரெண்டும் போச்சு. இறுக்கலைங்க. லேசாத்தான் இறுக்கினேன்.

அப்பத்தான் இந்தக் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டாங்க. கூப்பிட்டது லிகோரியேதான். நல்ல மனசோடதான் கூப்பிட்டாரு, இல்ல என்னைய மாட்டிவிடக் கூப்பிட்டாரா, தெரியல. நானும் நோட்டை எடுத்து எழுத உக்காந்தேன். ராடு இப்படி இருக்கணும், முள்ளு இப்படி இருக்கணும்னு கடையில சொன்னது எல்லாம் எழுதிட்டேன். மாட்டினதுக்கப்புறம் என்ன செய்யணும்? அங்க வந்து பேனா நின்னுருச்சு. முந்தாநாள் கூடத்துல கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. பக்கத்துல போயி உக்காந்து, குரலை இறக்கி, நல்லவிதமாத்தான் கேட்டேன். "ஏம்மா, அன்னைக்குத் திருகை எவ்வளவு தளத்தினே? அது தூணுக்குப் போறப்ப எப்படித் திருப்பினே?"

நிமிந்துகூடப் பாக்கல. "எனக்கென்னங்க தெரியும்? மீனைப் பிடிச்சது நீங்கதானே"ன்னா.

கோவமாச் சொல்லியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் முடிஞ்சிருக்கும். கோவம் இல்ல தம்பி. பால் வந்துருச்சான்னு கேக்குற மாதிரி சொல்லிட்டு அடுத்த கட்டுக் கீரையைப் பிரிச்சா. நோட்டை மூடிட்டேன். ரெண்டு நாளாத் திறக்கல. எனக்கு அவமானமா இருந்துச்சு. இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டச் சொல்றேன்.

நான் வழக்கமா முடி வெட்டுற கடை இன்னைக்கு லீவுன்னு உள்ள வரும்போது உங்ககிட்டச் சொன்னேன்ல, லீவு இல்லைங்க. திறந்துதான் இருக்கு. அங்க உக்காந்தா கொடுவா அண்ணாச்சின்னு ஆரம்பிச்சிருவாங்க. அதான் பஸ் ஏறி இங்க ஏரலுக்கு வந்தேன்.

என்ன சொன்னீங்க? நாளைக்கு என்ன பேசப் போறேனா? அதைத்தானே நானும் உங்ககிட்டச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன். ராடைப் பத்திப் பேசலாம். முள்ளைப் பத்திப் பேசலாம், மூணுமுள்ளை நான்தான் மாத்திக் கட்டினேன், அவ போட்டிருந்தது நான் கட்டின முள்ளுதான், அதையும் சொல்லணும்ல? ... இல்ல. அது அவ போட்டிருந்தது லிகோரி குடுத்ததுங்க. சும்மா சொன்னேன்.

மை டப்பாவை மூடுங்க.

மூடுங்கன்னா மூடுங்க. மீசையை எடுத்துருங்க.

பாதியில பயித்தியமான்னு பாக்காதீங்க, நிதானமாத்தான் சொல்றேன். மைக்கைக் கையில குடுத்தா நான் வேற எதையாச்சும் உளறிருவேன், எனக்கு என்னையத் தெரியும். மீசை இல்லாமப் போயி மேடையில நின்னா நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம். பாலத்துல நான் சொன்ன வார்த்தை அம்புட்டுப் பேருக்கும் ஞாபகம் இருக்கு. பாத்த உடனே தெரிஞ்சுரும், மீனு யாரு பிடிச்சதுன்னு.

சிரிப்பாங்க. சிரிக்கட்டும். லிகோரி சிரிக்கமாட்டாருன்னு நினைக்கிறேன். மிச்சத்தை அவளே பேசட்டும், அவளுக்குத்தான் தெரியும்.

ஆனா அவளை நான் இன்னும் கூப்பிடவே இல்லைங்க கூட்டத்துக்கு. நோட்டீசை வீட்டுல காட்டினேன், போட்டோ நல்லாருக்குன்னு சொன்னா, வான்னு நான் சொல்லல. இப்ப இங்க இருந்து நேரா வீட்டுக்குத்தான் போறேன். இந்த மூஞ்சியோட போயிக் கதவைத் தட்டினா, யாரு வேணும்னு கேப்பாளோ என்னவோ.

எடுங்க தம்பி. வருவாள்ல?